கடைசி பஸ்ஸும் ஐந்து ஏக்கரும்

ஒரு கல்லூரியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கேட்டவர்களுக்கு எரிச்சல் வரும். அவர்கள் கையில் வழவழப்பான பிராஸ்பெக்டஸ் இருக்கும். அதில் வைஃபை, ஸ்மார்ட் கிளாஸ், செமினார் ஹால், ஜிம் என்று வரிசையாகப் படம் போட்டிருப்பார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாலுக்காவின் தமிழ் வீடுகளில் இதே பேச்சுதான். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் அலாட்மெண்டுக்கு ஆப்ஷன் கொடுக்க வேண்டும். எந்தக் கல்லூரியை மேலே போடுவது, எதைக் கீழே தள்ளுவது என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் கேட்பார்கள். நான் இந்த எல்லைப் பக்கத்தில் ஒரு சின்னக் கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என் போனுக்கு அந்த மாதம் ஓய்வே இருக்காது.

"சித்தப்பா, அங்க ஜிம்மெல்லாம் இருக்குதாமா!" என்றாள் சில வருஷம் முன்னால் அண்ணன் மகள்.

"இருக்குது கண்ணு. நாலு மணிக்குப் பூட்டிருவாங்க. உனக்குக் கிளாஸ் முடியறது மூணரை. பஸ் மூணு அம்பதுக்கு. எப்பப் போவே?"

அவள் பதில் சொல்லவில்லை. சின்னக் கல்லூரிகளின் கதை பெரும்பாலும் இதுதான். கட்டி வைத்தது எல்லாம் இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்க நேரம் இருக்காது. அந்த நேரத்தைக் கையில் வைத்திருப்பது பிரின்சிபாலோ மேனேஜ்மெண்டோ கிடையாது. கல்லூரி எங்கே இருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

சரி, கல்லூரிகள் ஏன் இப்படி ஊரை விட்டு விலகி நிற்கின்றன? யு.ஜி.சி.யின் 2009-ஆம் ஆண்டு விதிப்படி, பல்கலைக்கழக இணைப்புக் கேட்கும் கல்லூரிக்குப் பெருநகரத்தில் 2 ஏக்கர், மற்ற இடங்களில் 5 ஏக்கர் நிலம் வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் வேண்டாமா? ஆனால் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டை ஒட்டி யார் ஐந்து ஏக்கர் விற்பார்கள்? விற்றாலும் எந்த டிரஸ்ட் அந்த விலைக்கு வாங்கும்? நிலம் எங்கே மலிவோ அங்கே போய்க் கல்லூரி உட்கார்ந்துகொள்கிறது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, பனைமரங்களும் வாய்க்காலும் தாண்டி, ஆட்டோக்காரர் இரண்டு தடவை யோசித்து வருகிற தூரத்தில்.

மலிவுக்கு இன்னொரு காரணம் மண். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் தாலுக்காவின் இந்தக் கிழக்குப் பகுதியில்தான். பருத்திக்கும் கடலைக்கும் நல்ல மண், கட்டடத்துக்கு ஆகாது. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கும். அஸ்திவாரத்தை ஆழமாகப் போடாமல் அவசரத்துக்குக் கட்டிய பிளாக்குகளில் ஜன்னலின் மூலையிலிருந்து சுவரில் ஒரு விரிசல் கோணலாகக் கிளம்பும். வருஷாவருஷம் சிமெண்ட் பூசுவார்கள், அடுத்த ஏப்ரலில் அது திரும்பவும் வாய் திறக்கும். நான் இருந்த நூலகத்தில் அகராதிகள் வைத்த அலமாரியை அந்த விரிசலை மறைக்கிற மாதிரிதான் நிறுத்தியிருந்தார்கள். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வந்தபோது அதில் ஒருவர் ஏதோ ஓர் அகராதியை எடுக்கப் போனார். எங்கள் பிரின்சிபாலின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கம் போக்குவரத்து என்றால் பெரும்பாலும் பிரைவேட் பஸ். 2022 மே மாதம் முதல் மினிமம் டிக்கெட் 10 ரூபாய். மாணவர்களுக்குக் கன்சஷனில் மினிமம் 1 ரூபாய்தான். முப்பது பிள்ளைகள் ஏறினால் முப்பது ரூபாய். அதே இடத்தில் மூன்று பெரியவர்கள் ஏறினாலே அந்தக் காசு வந்துவிடும். கண்டக்டரின் இடத்தில் நின்று பார்த்தால் அவர் முகம் ஏன் சுளிக்கிறது என்று புரியும். ஆனால் அந்தச் சுளிப்பை வாங்கிக்கொள்வது பதினெட்டு வயசுப் பிள்ளைகள்.

கேரளத்தில் எந்த ஸ்டாண்டில் வேண்டுமானாலும் சாயங்காலம் இதைப் பார்க்கலாம். பஸ் காலியாக நிற்கும். கதவுக்குப் பக்கத்தில் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். மழை பெய்தாலும் வெளியேதான். வாசலில் நிற்கும் கிளி, ஆமாம், டோர் செக்கருக்கு இங்கே அதுதான் பெயர், ஒரு கையை நீட்டிக் கம்பியைப் பிடித்து வழியை மறித்திருப்பார். மற்றவர்கள் அந்தக் கைக்கு அடியில் குனிந்து ஏறி சீட் பிடிப்பார்கள். டிரைவர் ஏறி இன்ஜினைக் கிளப்பிய பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கும். பின்னாடியே ஒரு தள்ளுமுள்ளு. கடைசியில் இரண்டு மூன்று பேர் நின்றுவிடுவார்கள். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் மூன்று இருபதுக்கே பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வது ஏன் என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் கையை ஒரு நாள் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்குக் கணக்கு இன்னும் விசித்திரம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வரைக்கும் தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2021-இல் வந்த திட்டம். செக்போஸ்டைத் தாண்டி நடந்து வந்து இந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறினால் கன்சஷன் கார்டு எங்கே என்பார்கள். அட்மிஷன் முடிந்து கார்டு கைக்கு வர சில வாரம் ஆகும். அதுவரை முழு டிக்கெட். வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதைதான்.

ரயிலைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, சொல்லத்தான் அதிகம் இல்லை. பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதையை 2008-இல் அகலப்படுத்த மூடினார்கள், 2015-இல் திறந்தார்கள். புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று ஸ்டேஷன்கள் அழகாக நிற்கின்றன. ஆலமரங்களுக்கு நடுவே இருக்கும் முதலமடை ஸ்டேஷனைப் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். காலை ஒன்பதரை வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு அதனால் என்ன லாபம்?

இதற்கு நேர் எதிரான ஒரு கல்லூரியில் நான் படித்தேன் என்பதால்தான் இவ்வளவு பேச வாய் வருகிறது. சித்தூர் அரசு கல்லூரி. 1947-இல் தொடங்கியது. பதினைந்து கிலோமீட்டரில் பாலக்காட்டு விக்டோரியா கல்லூரி இருக்கும்போது இங்கே எதற்கு இன்னொன்று என்று கேட்கலாம். 1866-இல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்த விக்டோரியா இருந்த பாலக்காடு, மதராஸ் மாகாணத்து மலபார். சித்தூரோ கொச்சி ராஜ்யம். ராஜ்யம் வேறு, கஜானா வேறு. அதனால் எங்கள் பக்கத்துக்கு ஒரு கல்லூரி கிடைத்தது. அந்தப் பழைய எல்லைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

கல்லூரி நிற்பது சோகநாசினி ஆற்றங்கரையில். ஊரை விட்டு விலகாத இடம். அதனால் கல்லூரியில் இல்லாதது எல்லாம் ஊரில் கிடைத்தது. கேண்டீன் சரியில்லையா, நடந்தால் சாயாக் கடை. நூலகம் பூட்டிவிட்டதா, ஊர் வாசகசாலை மாலையில்தான் திறக்கும். ஆற்றைத் தாண்டாமலே, மலையாள மொழியின் தந்தை என்று சொல்லப்படும் எழுத்தச்சனின் குருமடம் வரைக்கும் நடந்துவிட்டு வரலாம்; மலையாள இலக்கிய மாணவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு லேப். கும்ப மாதத்தில் கொங்கன் படைத் திருவிழா. படையெடுத்து வந்த கொங்கு ராஜாவை சித்தூர்க்காரர்கள் பகவதி அருளால் விரட்டியடித்த கதையை ஊரே கூடிக் கொண்டாடும். கொங்குத் தமிழ் பேசிக்கொண்டு கூட்டத்தில் நிற்கிற எங்களைப் பார்த்து, "டேய், உங்காளுகதான் இன்னிக்கும் தோத்தாங்க" என்பான் மலையாளத்து நண்பன். தோற்ற பக்கத்து ஆட்களுக்கும் பானகம் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

ஆற்றில் ஓடும் தண்ணீரும் எல்லை தாண்டி வருவதுதான். ஆனைமலைப் பக்கம் ஆழியாறாக இறங்கி, இங்கே சோகநாசினி, சித்தூர்ப்புழை, கண்ணாடிப்புழை என்று பெயர் மாறி, பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகப் போகிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். திறந்துவிட்டால் கல்லூரிக் கரையில் ஈரக் காற்று. இல்லாவிட்டால் கல்லும் மணலும். தண்ணீர் வருமா வராதா என்று விவசாயிகள் ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டே பொருளாதாரம் படித்த வகுப்பு எங்களுடையது.

தண்ணீர் என்றதும் கட்டடத்துக்குள் வர வேண்டியதுதான். கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்கள் வடகரப்பதிக்கோ எருத்தேம்பதிக்கோ வந்து பார்க்க வேண்டும். மாநிலத்தின் சராசரி 3000 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகளில் அதில் பாதிகூடத் தேறாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே கணவாய் திறந்து கிடக்கிறது. மழை மேகம் நிற்காமல் ஓடிவிடும், காற்று மட்டும் நின்று அடிக்கும். ஒரு கல்லூரியின் கழிப்பறையில் தண்ணீர் எத்தனை மணி வரைக்கும் வருகிறது என்பதுதான் இங்கே உண்மையான தர நிர்ணயம்.

நான் வேலை பார்த்த இடத்தில் பன்னிரண்டரைக்கு மேல் டேங்க் காலி. பெண்கள் கழிப்பறையில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் உண்டு. நாக் அறிக்கையில் அதன் போட்டோவும் உண்டு. குழாயில் மத்தியானத்துக்கு மேல் காற்றுதான் வரும். அதனால் நிறையப் பெண் பிள்ளைகள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வீடு சேரும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. நூலகத்தின் வாசலில் பதிமுகம் என்ற மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஸ்டீல் டிரம்மில் வைத்திருந்தோம். இளஞ்சிவப்பாகப் பார்க்கவே நன்றாக இருக்கும். பையன்கள் டம்ளர் டம்ளராகக் குடிப்பார்கள். "குடிம்மா, வெயில்ல வந்திருக்கே" என்றால், "வேண்டாங் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஏன் வேண்டாம் என்பதை எனக்குச் சொன்னது நூலக உதவியாளராக இருந்த அக்கா. 2023-இல் மாதவிடாயை முன்னிட்டு மாணவிகளுக்கு வருகைப்பதிவு 73 சதவீதம் இருந்தால் போதும் என்று கேரள அரசு அறிவித்தது. நல்ல முடிவு. அந்த அறிவிப்போடு ஒரு டேங்க் தண்ணீரும் வந்திருந்தால் பாதிப் பேருக்கு லீவே தேவைப்பட்டிருக்காது என்பது அந்த அக்காவின் அபிப்பிராயம், என்னுடையதும்.

வெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தது. பழைய ஓட்டுக் கட்டடங்களில், உயர்ந்த கூரையும் நீள வராந்தாவும் இருப்பதால், ஓரளவு தாக்குப் பிடிக்கலாம். புதுப் பிளாக்கின் மூன்றாவது மாடியில் இரும்புத் தகடு போட்ட வகுப்பு என்றால் மத்தியானம் இட்லிக் குண்டான்தான். அப்புறம் ஜூன் பிறந்ததும் காற்று. மேற்கே பார்த்த ஜன்னல்களின் கொக்கிகள் எல்லாம் சணல் கயிறு கட்டியே நிற்கும். செமஸ்டர் பரீட்சையில் ஹால் டிக்கெட், கேள்வித்தாள், விடைத்தாள் மூன்றையும் காற்று எடுத்துப் போகாமல் இருக்க, பிள்ளைகள் வரும் வழியிலேயே ஆளுக்கு இரண்டு கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் எக்ஸ்டர்னல் கண்காணிப்பாளர், கல்லில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், அவர் வேலை அது.

மேலே சொன்னதில் எதுவும் பிராஸ்பெக்டஸில் வராது. வராத இன்னொன்றைத் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் அவசியம் கேட்க வேண்டும்: அங்கே தமிழ் வாத்தியார் இருக்கிறாரா? எங்கள் தாலுக்காவில் தமிழ் மீடியம் பள்ளிகள் இருக்கின்றன. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளை, டிகிரியில் இரண்டாம் மொழியாகத் தமிழே எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வரும். அந்தக் கல்லூரியில் தமிழுக்கு ஆள் இல்லை என்றால் இந்தியோ மலையாளமோ எடுக்க வேண்டியதுதான். பேச வரும், எழுத வராது. முதல் செமஸ்டரில் அங்கேயே ஒரு பேப்பர் தொங்கும். சித்தூர் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. தமிழில் பட்ட மேற்படிப்பும் படிக்கலாம். தமிழ் வாத்தியார் இல்லாத இடத்தில் மூன்று செமினார் ஹால் இருந்து என்ன செய்ய? ஆபீசில் கொடுக்கும் படிவங்கள் மலையாளத்தில் இருந்தால் பரவாயில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை சமாளித்துவிடும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

இனி என் நூலகம். நாக் மதிப்பீட்டில் அப்போது ஏழு அளவுகோல்கள். நான்காவது, உள்கட்டமைப்பும் கற்றல் வளங்களும். அதில் நூலகத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தந்தவன் நான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். கோஹா என்ற நூலக மென்பொருளில் எல்லாப் புத்தகத்தின் விவரத்தையும் ஏற்றினோம். இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்குத் தரும் என்-லிஸ்ட் என்ற மின்நூலகச் சந்தாவை எடுத்தோம். கல்லூரி வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டினால் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் லட்சக்கணக்கான மின்னூல்களையும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம். கடைசி பஸ்ஸை ஜெயிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பல கல்லூரிகளில் கட்டணம் கட்டியதோடு சரி, பாஸ்வேர்டு யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. ஆப்ஷன் கொடுக்கும் முன் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் இரண்டாம் வருஷப் பிள்ளை ஒன்றிடம் "என்-லிஸ்ட் ஐ.டி. இருக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். அது முழித்தால் அந்த நூலகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு எதுவும் வேண்டாம்.

இருந்தாலும் மின்னூல் வேறு, உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேறு. இரண்டு அறை வீட்டில், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை போனில் ஆய்விதழ் படிக்கும்? நூலகத்தை ஐந்து மணி வரை திறந்து வைக்க நான் தயாராகத்தான் இருந்தேன். திறந்து வைத்தும் பார்த்தேன். ஃபேன் ஓடும், மேஜைகள் காலி. எல்லோரும் மூன்று ஐம்பது பஸ்ஸுக்கு ஓடியிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வழியில் ஆறே காலுக்குத்தான் அடுத்தது. பெண் பிள்ளைகளின் வீட்டில் ஆறே காலுக்கு யார் ஒத்துக்கொள்வார்கள்?

கடைசியில் மாணவர் யூனியன்காரர்கள்தான் இதைக் கையில் எடுத்தார்கள். கொடி எதுவாக இருந்தாலும் பஸ் விஷயத்தில் எல்லாரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள். நூலகத்தில் நான் எடுத்து வைத்திருந்த வருகைப் பட்டியலை அவர்களுக்குப் போட்டோஸ்டாட் எடுத்துக் கொடுத்தேன்: மூன்றரை மணிக்கு எத்தனை பேர், நாலு மணிக்கு எத்தனை பேர் என்று. ஆர்.டி.ஓ. ஆபீசில் டைமிங் கான்ஃபரன்ஸ் என்று ஒன்று வைப்பார்கள். பஸ் முதலாளிகள் நிமிஷக் கணக்கில் சண்டை போடும் இடம். அங்கே போய் நின்றார்கள். முதல் முறை தள்ளி வைத்தார்கள். இன்னொரு முறை ஒரு முதலாளி, கலெக்ஷன் குறையும் என்று கத்தினார். எங்கள் யூனியன் செயலாளர் பெண், "அண்ணா, இப்ப நாலு மணி பஸ்ஸில உங்களுக்கு என்ன கலெக்ஷன் வருதுன்னு நாங்களே எண்ணி வச்சிருக்கறோம், படிக்கட்டுமா?" என்று கேட்டாளாம். சிரித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு டிரிப்பை ஐந்து பத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்தே நாலரை மணிக்கு மேஜை கிடைக்காமல் பிள்ளைகள் அலமாரிக்கு நடுவில் தரையில் உட்கார ஆரம்பித்தார்கள். வாலிபால் கோர்ட்டில் நெட் கட்டினார்கள். கேண்டீன்காரர் ஒரு சுற்று பழம்பொரி அதிகமாகப் போட்டார். ஜிம்மின் சாவி எங்கே என்று கேட்டு இரண்டு பையன்கள் ஆபீசுக்கு வந்தபோது, அது யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது.

அண்ணன் மகள் கடைசியில் நான் வேலை பார்த்த அந்தக் கல்லூரியைத்தான் இரண்டாவது ஆப்ஷனாகப் போட்டாள், அதுவே கிடைத்தது. ஐந்து பத்து பஸ் இப்போதும் ஓடுகிறது. சனிக்கிழமை மட்டும் அந்த டிரிப்பைக் கட் பண்ணிவிடுகிறார்கள். அதைப் பற்றி இந்த வருஷ யூனியன்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.